முகவலி, கண் கூச்சம், நரம்பு மரப்பு ஊசி: சுங்கை சிப்புட் வாசகர்களின் கேள்விகள்

பேராக் மாநிலத்தின் சுங்கை சிப்புட் வட்டாரத்திலிருந்து வந்த மூன்று கடிதங்கள் முகவலியையும் தலைவலியையும், அவற்றுக்குப் போடும் நரம்பு மரப்பு ஊசியையும் சுற்றி அமைந்திருப்பதால், இந்த இதழில் மற்ற கேள்விகளை ஒதுக்கிவிட்டு அவற்றுக்கு மட்டும் பதில் எழுதுகிறேன்.

கேள்வி: டாக்டர் அம்மா அவர்களுக்கு வணக்கம். என் அம்மாவுக்கு வயது 62. இளம் வயதில் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டினார்; பிறகு செம்பனைத் தோட்டத்தில் பல ஆண்டுகள் மருந்து தெளிக்கும் வேலை செய்தார். மூன்று ஆண்டுகளாக வலது புருவத்திலிருந்து கன்னம் வரை எரிகிற வலி. அது மணிக்கணக்கில் நீடிக்கிறது. நடுநடுவே மின்சாரம் பாய்ந்தது போல வெட்டி இழுக்கிறது. வெயிலில் கண்ணைத் திறக்க முடிவதில்லை. வீட்டில் குழல் விளக்கைப் போட்டாலே கண்ணீர் வடிகிறது, வலியும் கூடுகிறது. கடைவாய்ப் பல் இரண்டைப் பிடுங்கியும் பயனில்லை. ஈப்போவில் பார்த்த டாக்டர், புருவத்திலும் பிடரியிலும் நரம்பை மரக்கச் செய்யும் ஊசி போட்டுப் பார்க்கலாம் என்கிறார். உறவினர்களோ, முகத்து நரம்பில் ஊசி போட்டால் வாய் கோணிவிடும், கண் போய்விடும் என்கிறார்கள். சம்மதிக்கலாமா? இதனால் நோய் முற்றாகத் தீருமா?
– ஒரு மகள், சுங்கை சிப்புட்

பதில்: சம்மதிக்கலாம், மகளே. ஆனால் ஊசிக்கு முன்னால் முடிக்க வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. உங்கள் அம்மாவுக்கு வந்திருப்பது என்ன நோய் என்பதை, கண் கூச்சத்தையும் கணக்கில் சேர்த்துக்கொண்டு, ஒருமுறை புதிதாகத் தீர்மானிக்க வேண்டும்.

முகத்தில் மின்சாரம் பாய்ந்தது போன்ற வலி என்றவுடன் பலரும் டிரைஜெமினல் நியூரால்ஜியா என்ற முக நரம்பு வலியைத்தான் நினைக்கிறார்கள். அந்த நோயின் போக்கு மிகத் தெளிவானது. வலி ஒரு நொடியின் சிறு பகுதியிலிருந்து அதிகமாகப் போனால் 2 நிமிடம் வரைதான் நிற்கும். முகம் கழுவும்போது, பல் துலக்கும்போது, மெல்லும்போது, மின்விசிறிக் காற்று பட்டபோது பளீரென்று வந்து போகும். பெரும்பாலும் கன்னத்திலும் தாடையிலும்தான் வரும், நெற்றியில் மட்டும் வருவது அரிது. இவை எல்லாவற்றுக்கும் மேலாக, அந்த நோயில் வெளிச்சம் பட்டால் வலி கூடுவது வழக்கமில்லை. உங்கள் அம்மாவுக்கோ எரிச்சல் மணிக்கணக்கில் நிற்கிறது, வெளிச்சம் தாங்க முடியவில்லை. ஆகவே ஒற்றைத் தலைவலி முகத்தில் இறங்கி வந்திருக்கிறதா, ஒரு பக்கக் கண்ணீரோடு வரும் வேறு வகைத் தலைவலியா, நெற்றியில் எப்போதாவது அக்கி வந்து ஆறியபின் நரம்பில் தங்கிவிட்ட வலியா, அல்லது கருவிழிப் படலத்திலேயே கோளாறா என்று பார்க்க வேண்டும். பல் நல்ல நிலையில் இருக்கும்போது முகவலிக்காகப் பல்லைப் பிடுங்குவது இந்த நோயாளிகளிடம் திரும்பத் திரும்ப நடக்கிறது என்பதையும் வருத்தத்தோடு சொல்லிவிடுகிறேன். பல் மருத்துவர் எக்ஸ்ரே எடுத்து, பல்லில் குறை இல்லை என்று சொன்ன பிறகு அடுத்த பல்லுக்குப் போக வேண்டாம்.

அம்மா மருந்து தெளித்தவர் என்று எழுதியிருப்பதை நான் சாதாரணமாகக் கடந்துபோகவில்லை. களைக்கொல்லி கண்ணில் தெறித்தால் கருவிழியின் மேற்பரப்பு புண்ணாகும். நம் மலேசியாவில் பாராகுவாட் என்ற களைக்கொல்லி 2020 ஜனவரி முதல் தடை செய்யப்பட்டிருந்தாலும், அதற்கு முன் முகக்கவசமும் கண்ணாடியும் இல்லாமல் முதுகில் பம்பைச் சுமந்து தெளித்த பெண்கள் நம் தோட்டங்களில் ஏராளம். கருவிழிப் படலத்தில் நரம்பு முனைகள் உடலில் வேறெங்கும் இல்லாத அளவுக்கு நெருக்கமாக இருக்கின்றன. அங்கே ஏற்பட்ட காயமும் நாள்பட்ட கண் வறட்சியும் ஒளிக்கூச்சத்துக்கும் புருவ வலிக்கும் காரணமாகலாம். எனவே கண் மருத்துவரிடம் ஒருமுறை முழுமையாகப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். தெளிப்பு வேலையைப் பற்றி அவரிடம் மறக்காமல் சொல்லுங்கள். அவர் கண்ணில் மரப்புச் சொட்டு மருந்து ஒரு துளி விட்டுப் பார்க்கக்கூடும். உடனே வலி அடங்கினால் கோளாறு கண்ணின் மேற்பரப்பில் இருக்கிறது என்றும், அடங்காவிட்டால் நரம்பின் உட்புறத்திலோ மூளையின் வலிப்பாதையிலோ இருக்கிறது என்றும் ஊகிக்க அது உதவும். சொட்டு மருந்து இதம் தருகிறதே என்று அதை மட்டும் வீட்டுக்குக் கேட்டு வாங்கிவிடாதீர்கள். திரும்பத் திரும்ப விட்டால் கருவிழியைக் கரைத்துவிடக்கூடிய மருந்து அது.

சில அறிகுறிகள் இருந்தால் ஊசியைப் பற்றிய பேச்சே வேண்டாம், அன்றே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். கண் சிவந்து, பார்வை மங்கி, விளக்கைச் சுற்றி வளையம் தெரிந்தால் அது கண் அழுத்தம் திடீரென்று ஏறியதாக இருக்கலாம். நெற்றியிலோ மூக்கின் நுனியிலோ அக்கிக் கொப்புளம் வந்தால் கண்ணுக்குள்ளும் பரவலாம். காய்ச்சலோடு கழுத்து விறைத்து வெளிச்சம் தாங்காமல் போனால் மூளைக்காய்ச்சலை நினைக்க வேண்டும். 50 வயதைத் தாண்டியவருக்கு நெற்றிப்பொட்டு தொட்டால் வலித்து, மெல்லும்போது தாடை சோர்ந்து, பார்வை விட்டுவிட்டு மறைந்தால், அது நெற்றிப்பொட்டு இரத்தக் குழாயின் அழற்சியாக இருக்கலாம். ஆசியர்களிடம் அரிதென்றாலும், தாமதித்தால் பார்வை திரும்பாது.

இனி, வெளிச்சத்துக்கும் முகவலிக்கும் என்ன தொடர்பு என்பதைச் சொன்னால்தான் பிடரியில் ஏன் ஊசி போடுகிறார்கள் என்பது விளங்கும். முகத்தின் தொடு உணர்ச்சியை எடுத்துச் செல்வது மூளையிலிருந்து புறப்படும் ஐந்தாவது நரம்பு. டிரைஜெமினல் நரம்பு என்பது இதுதான். அதற்கு மூன்று கிளைகள். மேல் கிளை நெற்றிக்கும் கண்ணுக்கும், நடுக்கிளை கன்னத்துக்கும் மேல்தாடைக்கும், கீழ்க்கிளை கீழ்த்தாடைக்கும் போகின்றன. மூளையை மூடியிருக்கும் உறையின் பெரும்பகுதிக்கும் மேல் கிளையே உணர்ச்சி தருகிறது. செம்பனை லோரிகள் எத்தனை தோட்டத்துச் சாலைகளில் வந்தாலும் ஓர் ஆலை வாசலில்தான் கூடுவது போல, இந்த நரம்பின் வலிச் செய்தியும் கழுத்தின் முதல் மூன்று நரம்புகளின் செய்தியும் மூளைத்தண்டின் அடியில் ஒரே நரம்புத் தொகுதியில் வந்து கூடுகின்றன. அதனால்தான் பிடரி வலி கண்ணுக்குப் பின்னால் தெரிகிறது. அதனால்தான் பிடரி நரம்பை மரக்கச் செய்தால் சிலருக்கு நெற்றி வலி தணிகிறது.

வெளிச்சத்தின் பாதையை 2010இல் வெளிவந்த ஓர் ஆய்வு ஓரளவு துலக்கியது. விழித்திரையில் உருவத்தைப் பார்க்கும் செல்களைத் தவிர, வெளிச்சத்தின் அளவை மட்டும் உணரும் வேறு வகைச் செல்களும் இருக்கின்றன. நீல வெளிச்சம் அவற்றை மிக எளிதாகத் தூண்டும். அவற்றின் செய்தி, மூளையில் தலாமஸ் என்ற பகுதியில், மூளை உறையின் வலியை ஏந்தி வரும் அதே நரம்பு செல்களைச் சென்றடைகிறது. பார்வை இழந்தும் வெளிச்சத்தை மட்டும் உணரக்கூடிய சில ஒற்றைத் தலைவலி நோயாளிகளுக்கு வெளிச்சம் பட்டால் வலி கூடுவதை அந்த ஆய்வாளர்கள் கண்டார்கள். ஆகவே, உங்கள் அம்மா விளக்கை அணைக்கச் சொல்வதைப் பிடிவாதம் என்று வீட்டில் யாரும் நினைக்க வேண்டாம். அவருக்கு வெளிச்சம் உண்மையிலேயே வலிக்கிறது.

இப்போது ஊசிக்கு வருவோம். உங்கள் மருத்துவர் சொல்லும் வகை எளியது. பல் மருத்துவர் போடும் மரப்பு ஊசியில் உள்ள லிக்னோகேயினையோ, அதைவிட நீண்ட நேரம் நிற்கும் பியூபிவாகேயினையோ, மெல்லிய ஊசியால் தோலுக்குக் கீழே நரம்பின் அருகில் செலுத்துவார்கள். புருவத்தின் கீழே, கண்குழியின் மேல்விளிம்பில் விரலால் தடவினால் ஒரு சிறு பள்ளம் தட்டுப்படும். மேல் கிளையின் ஒரு நரம்பு அங்கேதான் வெளியே வருகிறது. பிடரியில் தலை எலும்பின் புடைப்புக்குப் பக்கத்தில் இன்னொரு நரம்பு. மருந்தின் அளவு சில மில்லிலிட்டர்தான். படுக்க வைத்து, சில நிமிடங்களில் முடித்து, சற்று நேரம் கவனித்துவிட்டு வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். மண்டையோட்டின் அடியில் ஆழமாகச் செலுத்தும் ஊசிகள் இதிலிருந்து வேறானவை; அவை எக்ஸ்ரே அல்லது ஸ்கேன் பார்த்தபடி, தேர்ந்த நிபுணர் செய்ய வேண்டியவை.

உறவினர்களின் அச்சத்துக்கும் பதில் உண்டு. வாயைக் கோணச் செய்வது முகத்தை அசைக்கும் ஏழாவது நரம்பு பாதிக்கப்படும்போது நடப்பது. உணர்ச்சி தரும் ஐந்தாவது நரம்பில் போடும் ஊசி அதைச் செய்யாது. காதுக்கு முன்னால் போடும் ஊசியில் மட்டும் மருந்து பரவி, சில மணி நேரம் முகம் சற்றுத் தளரலாம். மருந்து இறங்கியதும் அது தெளிந்துவிடும். பார்வையைப் பற்றிய அச்சம் முழுக்க ஆதாரமற்றது என்று நான் சொல்லமாட்டேன். மரப்பு மருந்தோடு சிலர் அழற்சியைத் தணிக்கும் ஸ்டீராய்டு மருந்தையும் கலப்பதுண்டு. ஸ்டீராய்டு மருந்துகளில் சில, துகள்கள் கலந்தவை. அவை முகத்து இரத்தக் குழாய்க்குள் போய்விட்டால் கண்ணின் இரத்த ஓட்டத்தை அடைக்கக்கூடும். அது மிக அரிது, ஆனால் நடந்திருக்கிறது. முகத்தில் ஸ்டீராய்டு போட்டால் தோலடிக் கொழுப்பு கரைந்து குழியும் விழலாம். ஆகவே புருவத்திலும் கன்னத்திலும் மரப்பு மருந்து மட்டும் போதும் என்பதே என் கருத்து. "முகத்தில் ஸ்டீராய்டு கலக்கிறீர்களா, டாக்டர்?" என்று நேரடியாகக் கேளுங்கள், நல்ல மருத்துவர் அதைக் குறையாக எடுத்துக்கொள்ளமாட்டார். பிடரியில் ஸ்டீராய்டு சேர்ப்பதுண்டு. அம்மாவுக்கு இனிப்பு நீர் இருந்தால் சில நாட்களுக்குச் சர்க்கரை ஏறும் என்பதை முன்பே தெரிந்துகொள்ளுங்கள். இரத்தத்தை இளக்கும் மாத்திரை, மரப்பு மருந்துக்கு ஒவ்வாமை, தலையில் செய்த அறுவைச் சிகிச்சை ஆகிய எதுவானாலும் சொல்லிவிடுங்கள். இமை வீங்குவதும் சற்றுக் கன்றிப்போவதும் ஓரிரு நாளில் சரியாகும். ஊசி போட்டவுடன் காது இரைந்தாலோ, நாக்கு மரத்தாலோ, தலை சுற்றினாலோ உடனே சொல்ல வேண்டும்; மருந்து இரத்தத்தில் அதிகமாகக் கலந்ததற்கான முதல் அடையாளங்கள் அவை.

நோய் தீருமா என்று கேட்டிருக்கிறீர்கள். தீராது. மரப்பு சில மணி நேரத்தில் போய்விடும். ஆனாலும் ஒரு பகுதி நோயாளிகளுக்கு வலித்தணிவு வாரக்கணக்கில் நிற்கிறது. ஓயாமல் வரும் செய்தி சற்று நேரம் நின்றதும், கொதித்துப்போயிருந்த வலிப்பாதை அடங்குகிறது என்பது இதற்குச் சொல்லப்படும் விளக்கம். சிலருக்குத் தொடுகூச்சமும் ஒளிக்கூச்சமும் அதனுடன் குறைகின்றன. வேறு சிலருக்கு ஒன்றுமே நடப்பதில்லை. எந்த நோய்க்கு எவ்வளவு ஆதாரம் என்பதிலும் வேறுபாடு உண்டு: ஒற்றைத் தலைவலிக்கும், ஒரு பக்கக் கண்ணீரோடு வரும் கொத்துத் தலைவலிக்கும் பிடரி ஊசி ஓரளவு நன்றாக ஆராயப்பட்டிருக்கிறது, முகத்து ஊசிகளுக்கான ஆய்வுகள் சிறியவை.

எனினும் இந்த ஊசியின் இன்னொரு பயனை நான் பெரிதாக மதிக்கிறேன். அது ஒரு சோதனையும்கூட. ஊசி போட்ட அன்று அம்மாவின் பக்கத்திலேயே இருந்து, அரைமணிக்கு ஒருமுறை ஒரு நோட்டில் எழுதுங்கள்: நெற்றி மரத்திருக்கிறதா, வலி எவ்வளவு, விளக்கைப் போட்டால் என்ன ஆகிறது. நெற்றி மரத்தபோது வலியும் கூச்சமும் சேர்ந்து அடங்கினால் அந்தக் கிளைக்கு இதில் பங்கு உண்டு. நெற்றி நன்றாக மரத்தும் வலி அப்படியே நின்றால், வேர் வேறிடத்தில் இருக்கிறது. அதே இடத்தில் ஊசியை மறுபடி மறுபடி போட்டுப் பணத்தையும் பொறுமையையும் இழக்க வேண்டாம். ஒரே ஒருமுறை கிடைத்த நிம்மதியை வைத்தும் முடிவு கட்டாதீர்கள். நம்பிக்கையாலும் ஒருமுறை வலி குறையும்.

வலி தணிந்த நாட்கள் கிடைத்தால் அவற்றை வீணாக்க வேண்டாம். அப்போதுதான் அம்மா சரியாகத் தூங்கவும், மெல்லச் சாப்பிடவும், திரையை விலக்கி வெளிச்சத்துக்குப் பழகவும், தினமும் விழுங்கும் வலி மாத்திரைகளைக் குறைக்கவும் முடியும். வலி மாத்திரையை மாதத்தில் பாதி நாள் விழுங்கினாலே அந்த மாத்திரையே தலைவலியை நிலைக்கச் செய்யும் என்பதை நம் மக்களிடம் இன்னும் உரக்கச் சொல்ல வேண்டியிருக்கிறது.

வழிமுறை சிக்கலானதல்ல. அரசாங்க கிளினிக்கில் பரிந்துரைக் கடிதம் வாங்கினால், பெரிய அரசு மருத்துவமனையின் நரம்பியல் பிரிவுக்கோ வலி நிவாரணக் கிளினிக்குக்கோ போகலாம். சிலாங்கூரின் செலாயாங் மருத்துவமனையில் அத்தகைய கிளினிக் நீண்ட காலமாக இயங்குகிறது. காத்திருக்க வேண்டியிருக்கும் என்பது உண்மை. அதுவரை நாட்குறிப்பை எழுதிக்கொண்டே இருங்கள்.

கேள்வி: டாக்டர் அம்மா, எனக்கு வயது 48. செம்பனைக் குலை வெட்டுகிறேன். டிரைஜெமினல் நியூரால்ஜியா என்று சொல்லி கார்பமசெபின் மாத்திரை கொடுத்தார்கள். வலி நன்றாகக் குறைந்தது, ஆனால் தலை கிறுகிறுக்கிறது. மாத்திரையை நிறுத்திவிட்டு ஊசிக்குப் போகலாம் என்கிறார் நண்பர். எது நல்லது?
– தோட்டத் தொழிலாளி, சுங்கை சிப்புட்

பதில்: தம்பி, மாத்திரையை நீங்களாகத் திடீரென்று நிறுத்தாதீர்கள், வலி முன்பைவிடக் கடுமையாகத் திரும்பலாம். உங்கள் நோய்க்குக் கார்பமசெபின்தான் 1960களிலிருந்து முதல் மருந்து. அது நன்றாக வேலை செய்தது என்பதே நோயைச் சரியாகக் கண்டுபிடித்திருக்கிறார்கள் என்பதற்கு ஒரு சான்று. உங்களுக்கு ஊசி முதல் வழியல்ல. மாத்திரையின் அளவைச் சரிசெய்யும் வரை, அல்லது சாப்பிடவே முடியாத அளவுக்கு வலி முற்றும்போது, இடைக்கால உதவியாக அதைப் பயன்படுத்தலாம்.

கிறுகிறுப்பை மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். தலைக்கு மேலே நீண்ட கழியில் அரிவாளை வைத்துக் குலை வெட்டுகிறவருக்கு அது சிறிய தொல்லையல்ல, உயிராபத்து. அளவைக் குறைக்கலாம், மெதுவாகக் கரையும் வகைக்கு மாற்றலாம், ஆக்ஸ்கார்பசெபின் அல்லது கபாபென்டின் போன்ற வேறு மருந்தைச் சேர்க்கலாம். இரத்தத்தில் உப்பின் அளவு குறைந்ததாலும் கிறுகிறுப்பு வரும்; ஓர் இரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். அதுவரை வேறு வேலை கொடுக்கும்படி மண்டோரிடம் கேளுங்கள். வேலைச் சட்டப்படி, சேவைக் காலத்தைப் பொறுத்து ஆண்டுக்கு 14 முதல் 22 நாள் வரை சம்பளத்துடன் மருத்துவ விடுப்பு உங்களுக்கு உண்டு. கேட்பதற்குத் தயங்க வேண்டியதில்லை.

இன்னொன்றையும் இந்தப் பத்தியைப் படிக்கும் அனைவரும் கவனியுங்கள். எச்.எல்.ஏ-பி 15:02 என்ற மரபணு வகை உடையவர்களுக்குக் கார்பமசெபின், தோலும் வாயும் கண்ணும் உரிந்து புண்ணாகும் ஸ்டீவன்ஸ்-ஜான்சன் நோயை உண்டாக்கும் ஆபத்து அதிகம். சீனரிடமும் மலாய்க்காரரிடமும் அந்த வகை கூடுதலாகக் காணப்படுகிறது, இந்தியர்களிடமும் உண்டு. அதற்கு இரத்தப் பரிசோதனை இருக்கிறது. புதிதாகத் தொடங்குகிறவர்கள் மாத்திரைக்கு முன் அதைப் பற்றிக் கேட்க வேண்டும். இந்த எதிர்விளைவு பெரும்பாலும் முதல் சில வாரங்களில் தலைகாட்டும். காய்ச்சலோடு தோலில் தடிப்போ வாயில் புண்ணோ தோன்றினால் அடுத்த மாத்திரையை விழுங்காமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். நிறுத்தாதீர்கள் என்று மேலே சொன்னதற்கு இது ஒன்றுதான் விதிவிலக்கு.

எம்.ஆர்.ஐ ஸ்கேன் எடுக்காமல் இருந்தால் எடுக்கச் சொல்லுங்கள். பலருக்கு மூளைக்கருகில் ஓர் இரத்தக் குழாய் நரம்பின் வேரை அழுத்துவதே காரணம். சிலருக்குக் கட்டியோ நரம்புறை நோயோ இருக்கும். மாத்திரைகள் கைவிடும் காலம் வந்தால், அந்தக் குழாயை நரம்பிலிருந்து விலக்கி வைக்கும் அறுவைச் சிகிச்சைதான் நீண்ட நாள் பலன் தருவது. உடல் அதைத் தாங்காதவர்களுக்கு, நரம்பு முடிச்சைச் சூட்டாலோ பலூனாலோ கட்டுப்படுத்தும் முறைகள் உண்டு. அவற்றுக்குப் பின் முகம் மரத்திருக்கும். மேல் கிளையும் மரத்துவிட்டால் கண்ணில் தூசி விழுந்தாலும் தெரியாது. தோட்டத்தில் வேலை செய்கிறவர் அதை நன்றாக யோசித்தே முடிவெடுக்க வேண்டும்.

கேள்வி: எனக்கு ஒற்றைத் தலைவலியும் கண் கூச்சமும் உண்டு. ஊசிக்கு வரிசையில் காத்திருக்கிறேன். அதுவரை வகுப்பறையிலும் வீட்டிலும் கறுப்புக் கண்ணாடி அணிந்திருக்கலாமா?
– ஆசிரியை, சுங்கை சிப்புட்

பதில்: வெளியே வெயிலில் அணியுங்கள், உள்ளே வேண்டாம், அம்மா. நாள் முழுவதும் இருட்டுக்குப் பழகிய கண் நாளடைவில் சாதாரண வெளிச்சத்தையும் தாங்காமல் போய்விடும். ஏற்கெனவே பழகிவிட்டிருந்தால் ஒரே நாளில் கழற்ற முயலாமல், தினமும் சிறிது நேரம் கூட்டிக்கொண்டு போங்கள். எஃப்.எல்-41 என்ற இளஞ்சிவப்புச் சாயம் ஏற்றிய கண்ணாடி, நீலப் பச்சை வெளிச்சத்தைக் குறைத்து மற்றதை விடுகிறது. ஒற்றைத் தலைவலியோடு வரும் கூச்சத்துக்கு அது சிலருக்கு உதவியிருக்கிறது. மூக்குக் கண்ணாடிக் கடையில் அந்தப் பெயரைச் சொல்லியே கேளுங்கள். வெறும் சிவப்புச் சாயம் அதற்கு ஈடாகாது. சிமிட்டும் பழைய குழல் விளக்கை மாற்றும்படி தலைமையாசிரியரிடம் எழுதிக் கொடுங்கள். சன்னலுக்கு முதுகைக் காட்டி அமருங்கள். கண் வறண்டிருந்தால், பாதுகாப்பு ரசாயனம் கலக்காத செயற்கைக் கண்ணீர்ச் சொட்டு மருந்தை ஒரு நாளைக்கு நான்கு வேளை விடலாம். ஊசி போடும் நாளில், விளக்கை நேராகப் பார்க்க முடிகிறதா என்பதை ஊசிக்கு முன்பும் பின்பும் மருத்துவரின் முன்னிலையிலேயே சோதித்துப் பார்த்து, அதைக் கோப்பில் எழுதச் சொல்லுங்கள்.